சுண்டக் காய்ச்சிய தண்ணீர்

சோதனைக் குழாயைச் சற்றுச் சரித்துப் பிடித்து, செறிந்த சல்பூரிக் அமிலத்தை அதன் உட்சுவரோடு மெல்ல வழிய விட வேண்டும். அவசரப்படக் கூடாது, குலுக்கக் கூடாது. கனமான அமிலம் அடியில் போய்த் தங்கும், சோதிக்கும் நீரும் பெரசு சல்பேற்று என்ற இரும்பு உப்பும் கலந்த கரைசல் மேலே நிற்கும். நீரில் நைத்திரேற்று அயன் இருந்தால், இரண்டும் தொட்டுக்கொள்ளும் இடத்தில் பழுப்பாக, கபில நிறத்தில் ஒரு வளையம் தோன்றும். பதுளையில் உயர்தர மாணவர்களுக்கு இருபது வருடத்துக்கு மேலாக இதைச் செய்து காட்டிக்கொண்டிருக்கிறேன். வளையம் வந்ததும் பிள்ளைகள் எட்டிப் பார்க்க முண்டியடிப்பார்கள். நான் மட்டும் அந்த நேரத்தில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். டீச்சருக்கு அமில நெடி ஒத்துக்கொள்வதில்லை என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நானும் திருத்தப் போகவில்லை.

அந்த வளையத்தைப் பார்த்தால் எனக்கு அண்ணியின் முகம்தான் நினைவுக்கு வரும். என் மூத்த அண்ணனின் மனைவி. போன வருடம் காலமானார். ஹல்துமுல்லைப் பக்கத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவைப் பார்த்துக்கொண்டவர் அவர். காலையில் கொழுந்தெடுக்க மலைக்குப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளைக் கொண்டுவந்து விட்டு, மாலையில் திரும்ப எடுத்துப்போகும் இடம் அது. அதற்கு நீளமாக ஒரு பெயர் வைத்துப் பலகை மாட்டியிருந்தாலும் லயம் என்ற வரிசை வீடுகளில் குடியிருந்த சனங்களுக்கு அது பிள்ளைக்காம்பராதான், அதைப் பார்ப்பவர் ஆயம்மாதான். அண்ணி எட்டாம் வகுப்போடு நின்றவர். நான் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவான அன்று, “டீச்சர் வாங்க, டீச்சர் உக்காருங்க” என்று என்னைக் கேலி செய்யத் தொடங்கினார். நான் உண்மையிலேயே டீச்சரான பிறகு கேலி கழன்று, அதுவே அவர் வாயில் என் பெயராகிவிட்டது. என்னைவிட ஆறு வயதுதான் மூத்தவர். சண்டை போட்டால் இருவரும் சமமாகவே போடுவோம்.

தண்ணீர் விஷயத்தில் மட்டும் அவரோடு யாரும் சண்டை போட முடியாது. பிள்ளைக்காம்பராவுக்கு மேலே இருந்த ஊற்றிலிருந்து ஒரு பைப் வழியாகத் தண்ணீர் வந்தது. கண்ணாடி போலத் தெளிந்த, பல்லைக் கூச வைக்கும் தண்ணீர். அதை அப்படியே பிள்ளைகளுக்குக் கொடுக்க அண்ணி ஒருநாளும் சம்மதித்ததில்லை. பெரிய அலுமினியப் பானையில் ஊற்றி, விறகடுப்பில் ஏற்றி, கசாயம் காய்ச்சுகிற மாதிரிக் காய்ச்சுவார். எங்கள் லயங்களில் கைக்குழந்தைக்குத் தண்ணீர் காய்ச்சுகிற முறையே அதுதான். இரண்டு பங்கு ஒரு பங்காகச் சுண்ட வேண்டும். சுண்டினால்தான் தண்ணீரின் ‘குத்தம்’ போகும் என்பார்கள். பானையின் உள்பக்கம் பாதி உயரத்தில் ஆணியால் ஒரு கோடு கீறி வைத்திருந்தார் அண்ணி. தண்ணீர் அந்தக் கோட்டுக்கு இறங்கும்வரை பானையும் அடுப்பை விட்டு இறங்காது. மற்ற ஆயாமார் ஒரு கொதி வந்ததும் இறக்கிவிடுகிறார்கள் என்று சொல்லிச் சொல்லி முகம் சுளிப்பார்.

ஒரு வருடம் லயங்களில் வயிற்றோட்டம் பரவியபோது நானும் என் பங்குக்குப் புத்தி சொன்னேன். “நல்லாக் கொதிக்க வையுங்க அண்ணி. எவ்வளவு நேரம் கொதிக்குதோ அவ்வளவு நல்லது” என்றேன். இரசாயனவியல் டீச்சரே சொல்லிவிட்டார் என்று அண்ணி அதை ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தார். எனக்கும் உள்ளூரப் பெருமையாகத்தான் இருந்தது. இப்போது நினைத்தால் என் வாயிலேயே போட வேண்டும் போல இருக்கிறது.

கொதி கிருமியைக் கொல்லும். ஆனால் தண்ணீரில் கரைந்திருப்பது எல்லாம் கிருமி அல்ல. ஓர் அணு தன் இலத்திரனில் ஒன்றை இழந்தாலோ, புதிதாக ஒன்றை ஏற்றுக்கொண்டாலோ அது அயன் ஆகிறது. சில வேளைகளில் அணுக்கள் கூட்டாகச் சேர்ந்தும் அப்படி ஆகும். ஒரு நைதரசனும் மூன்று ஒட்சிசனும் சேர்ந்து, மிகையாக ஓர் இலத்திரனை வைத்துக்கொண்டிருப்பதுதான் நைத்திரேற்று அயன். அதற்கு நிறமில்லை. தண்ணீரில் அது இருப்பது கண்ணுக்கோ மூக்குக்கோ நாக்குக்கோ தெரியாது. உயிரில்லாததால் கொதிக்கு அது சாவதுமில்லை. நீர் ஆவியாகிப் போகும், அது அப்படியே தங்கிவிடும். இதை ஒவ்வொரு வருடமும் கரும்பலகையில் எழுதிப் படம் போட்டு விளக்குகிறவள் நான். அண்ணியின் பானையைப் பார்த்தபோது அது எனக்குத் தோன்றவே இல்லை.

நைத்திரேற்று அந்த ஊற்றுக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டால், வெளியே யாரையும் கைகாட்ட வழியில்லை. ஊற்றுக்கு மேலே தேயிலை கைவிடப்பட்ட சரிவு ஒன்று இருந்தது. லயத்துக் குடும்பங்கள் அதைக் கொத்தி லீக்ஸ், கரட், உருளைக்கிழங்கு போட்டிருந்தன. உரம் தூக்கலாகப் போட்டால் கிழங்கு தடிக்கும் என்று மூட்டை மூட்டையாகக் கொட்டினார்கள். மழைக்கு அதெல்லாம் கரைந்து மண்ணுக்குள் இறங்கி ஊற்றில் கலந்தது. அந்தச் சரிவில் தோட்டம் போட்டவர்களில் என் அண்ணனும் ஒருவர். அங்கே விளைந்த கரட்டை நான் பை நிறையப் பதுளைக்குக் கொண்டுவந்து சக ஆசிரியர்களுக்கும் பங்கிட்டிருக்கிறேன்.

பன்னிரண்டு வருடங்களுக்கு முந்திய மாசி மாதம். பிள்ளைக்காம்பராவில் மூன்று மாதம் நிரம்பிய ஓர் ஆண் குழந்தை. தாய் மலைக்குப் போய்விட, பகல் முழுக்க அண்ணி கரைத்துக் கொடுக்கும் பால்மாதான் அதற்கு. ஒருநாள் மதியம் போத்தலைக் குடித்துக்கொண்டிருந்த குழந்தையின் உதடு கறுத்தது. நகக்கண் எல்லாம் சாம்பல் நீலமாகியது. அழக்கூடத் தெம்பில்லாமல் மூச்சிரைத்தது. அண்ணி குழந்தையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடி, வந்த ஆட்டோவை மறித்து ஏறினார். பக்கத்து ஆஸ்பத்திரியிலிருந்து உடனே பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். எடுத்த இரத்தம் சிவப்பாக இல்லாமல் சொக்லட் நிறத்தில் இருந்ததைப் பார்த்த டொக்டர் முதலில் கேட்டது, “பிள்ளைக்கு எந்தத் தண்ணீரில் பால் கரைக்கிறீர்கள்?” என்பதுதான். நைத்திரேற்று உடலில் சேர்ந்தால் கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்க முடியாமல் இப்படி நிறம் மாறிவிடும். நீல நிற மருந்து ஒன்றை ஏற்றினார்கள். குழந்தை பிழைத்துக்கொண்டது.

ஆனால் டொக்டர் கேட்ட கேள்வி குழந்தைக்கு முன்பே தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. போய்ச் சேர்ந்தபோது அது கேள்வியாகவும் இருக்கவில்லை. ஆயம்மா கரைத்த பாலில் என்னவோ இருந்தது என்று ஆகிவிட்டது. அதற்கு முந்திய வருடம் அதே பிள்ளைக்காம்பராவுக்கு வந்துகொண்டிருந்த ஒரு பெண் குழந்தை ஐந்தாம் மாதத்தில் இறந்திருந்தது. மூச்சுக் கோளாறு என்று எழுதிக்கொடுத்திருந்தார்கள். யாரும் அப்போது அதற்கு மேல் யோசிக்கவில்லை. இப்போது இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டார்கள். தாய்மார் குழந்தைகளை முதுகில் கட்டிக்கொண்டு மலைக்குப் போனார்கள். விசாரணை முடியும்வரை வீட்டில் இருக்கும்படி தோட்டத்து ஒபிசிலிருந்து அண்ணிக்குச் சொல்லி அனுப்பினார்கள். பதினாறு வருடம் பார்த்த வேலை.

அடுத்த திங்கட்கிழமை பள்ளிக்கூடம் விடுகிற நேரத்துக்கு அண்ணி பதுளைக்கு வந்து நின்றார். பஸ்ஸில் வந்த களைப்பு முகத்தில் இருந்தது. ஆனால் அழுத முகமாக இல்லை. பையிலிருந்து துணி சுற்றிய இரண்டு போத்தல்களை எடுத்து ஆய்வுகூட மேசைமேல் வைத்தார்.

“இது பைப்புத் தண்ணி. இது அன்னிக்கு நான் காய்ச்சி, பானையில மிஞ்சிக் கெடந்தது. ரெண்டையும் சோதிச்சுப் பாருங்க டீச்சர். காய்ச்சுன தண்ணியப் பாத்தா அவங்களுக்கே வெளங்கும், நான் எவ்வளவு சுத்தமா வச்சிருந்தேன்னு.”

நான் மூன்று குழாய்களை எடுத்தேன். ஒன்றில் காய்ச்சி வடித்த நீர், ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு. இரண்டாவதில் பைப் தண்ணீர். மூன்றாவதில் அண்ணி காய்ச்சியது. குழாய்களில் ஆங்கில எழுத்துப் போட்டு ஒட்டினேன், அது என் பழக்கம். முதலில் வெள்ளி நைத்திரேற்று விட்டுக் குளோரைட்டுப் பார்த்தேன். இரண்டாவதும் மூன்றாவதும் வெண்மையாகக் கலங்கின. தண்ணீரை மாற்றிப் பேரியங் குளோரைட்டு விட்டுச் சல்பேற்றுப் பார்த்தேன். அதே இரண்டிலும் வெள்ளை வீழ்படிவு. உரமாகத்தான் இருக்க வேண்டும் என்று அப்போதே எனக்குத் தோன்றியது. பிறகு குழாய்களைக் கழுவி, மறுபடி மூன்று தண்ணீரையும் எடுத்து, புதிதாகக் கரைத்த பெரசு சல்பேற்றுக் கரைசலைச் சேர்த்தேன். கடைசியாக அமிலம். அண்ணி முக்காலியில் உட்கார்ந்து, நான் அடுப்பில் எதையோ கிண்டுவது போல என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் குழாயில் ஒன்றுமில்லை. இரண்டாவதில் இருக்கிறதா இல்லையா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கும்படி மெல்லிய கோடு. மூன்றாவதில் பார்த்ததுமே தெரியும்படி நல்ல கபில வளையம்.

“என்னா டீச்சர், இந்தக் குழாய்ல தேத்தண்ணிச் சாயம் கணக்கா இருக்கு?” என்றார் அண்ணி. “இது நல்லதா, கெட்டதா?”

எனக்கு அந்த நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. பானை, ஆணிக்கோடு, இரண்டுக்கு ஒன்று, நான் சொன்ன புத்தி எல்லாம் ஒன்றாக வந்து நெஞ்சில் ஏறியது. பைப் தண்ணீரில் இருந்த நஞ்சை, பிள்ளைகள்மேல் இருந்த அக்கறையால், தினமும் இரண்டு மடங்காக்கிக் கொடுத்திருக்கிறார் இந்த மனுசி. ஒட்டியிருந்த ஆங்கில எழுத்து விளங்காததால் மூன்றாவது குழாய் எந்தத் தண்ணீர் என்று அண்ணிக்குத் தெரியாது. நான் அதைச் சொல்லவில்லை.

“தண்ணியிலதான் குத்தம் அண்ணி. மேல போட்ட உரம் எறங்கியிருக்கு. ஒங்க மேல ஒண்ணுமில்ல” என்றேன்.

அதுவரை அழாதிருந்தவர் சேலைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டு விம்மினார். “இத எழுதிக் குடுங்க டீச்சர்” என்றார். எழுதிக் கொடுத்தேன். பைப் நீரில் நைத்திரேற்று இருக்கிறது, அதைக் குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது, முறையான ஆய்வுகூடத்தில் அளந்து பார்க்க வேண்டும் என்று எழுதினேன். மூன்றாவது குழாயைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. கண்டதைக் கண்டபடி எழுதாதவனுக்குப் புள்ளி கிடையாது என்று மாணவர்களிடம் கண்டிப்பாக இருக்கிற நான், அந்தக் குழாயைத் தொட்டியில் கவிழ்த்துக் கழுவினேன். அண்ணிக்காகத்தான் செய்தேன் என்று அன்று நம்பினேன். அதில் பாதி எனக்காகவும்தான்.

அதன்பின் காரியங்கள் மளமளவென்று நடந்தன. வேறிடத்தில் அளந்து பார்த்தபோதும் பைப் தண்ணீர் கூடாதென்றே வந்தது. ஊற்றின் பைப்பை அடைத்துவிட்டு மலையின் மறுபக்கத்திலிருந்து தண்ணீர் கொண்டுவந்தார்கள். அண்ணன் முற்றாத கிழங்கைத் தோண்டிப் போட்டார், மற்றவர்களும் ஒவ்வொருவராகத் தோண்டினார்கள். ஆயம்மா மேல் பழி சொன்ன வாய்களே, “அவங்க பாவம், தண்ணி செஞ்ச வேல” என்றன. அண்ணி மறுபடி பிள்ளைக்காம்பராவுக்குப் போனார். எல்லாம் சுபமாக முடிந்துவிட்டது என்று நானும் மூச்சு விட்டேன்.

ஒரு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்குப் போயிருந்தேன். அண்ணி கருவாட்டுக் குழம்பு வைத்துவிட்டு, என்னோடு கதைத்த சுவாரசியத்தில் இறக்க மறந்துவிட்டார். ஓடிப்போய் மூடியைத் திறந்து, அகப்பையில் தொட்டு நாக்கில் வைத்தவர் முகத்தைச் சுருக்கினார்.

“சுண்டிப் போச்சு டீச்சர். உப்புக் கரிக்குது” என்றார். சொல்லிவிட்டு அகப்பையைப் பிடித்தபடி அப்படியே நின்றார். இருபது வருடம் படிப்பித்தாலும் சில பிள்ளைகளின் முகத்தில் மட்டும்தான் ஒன்று விளங்கிப்போகும் அந்தக் கணத்தைப் பார்க்க முடியும். அண்ணியின் முகத்தில் அன்று அதைப் பார்த்தேன்.

“தண்ணிதான போயிருக்கு. உப்பு போகலையே” என்றார் மெல்ல. பிறகு என் பக்கம் திரும்பினார். “டீச்சர், அந்தத் தண்ணியில இருந்ததும் ஆவியோட போகாதா?”

“போகாது அண்ணி.”

“சாயம் கணக்கா இருந்துச்சே, அந்தக் குழாய். அது நான் காய்ச்சுன தண்ணியா?”

“ஆமா அண்ணி.”

அவர் அடுப்புக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து, நன்றாகக் கொதிக்க வையுங்கள் என்று சொன்னது நான்தானே, குற்றம் என்னுடையதுதான் என்றேன். அண்ணி தலையை ஆட்டினார். “நீங்க கொதிக்கத்தான் வைக்கச் சொன்னீங்க. பாதியாக்குனது நானு” என்றார். அந்த நிலையிலும் கணக்கைச் சரியாகப் பிரித்தார். பிறகு, நான் பயந்துகொண்டிருந்த கேள்வியைக் கேட்டார்.

“அப்ப போன வருசம் போன பொம்பளப் புள்ள?”

அந்தக் குழந்தை குடித்த தண்ணீர் எங்கேயும் இல்லை. இல்லாத தண்ணீரைச் சோதிக்க எந்தக் குழாயும் கிடையாது. அது நிஜமாகவே மூச்சுக் கோளாறாகவும் இருந்திருக்கலாம். “தெரியாது அண்ணி. இனிமே யாராலயும் கண்டுபிடிக்கவும் முடியாது” என்றேன். அண்ணி அடுப்பு நெருப்பை இழுத்து அணைத்தார். முகம் கழுவிக்கொண்டு வந்து, “வாங்க, அந்தப் புள்ளையோட அம்மாவப் பாத்துட்டு வருவோம்” என்றார்.

நான் மறித்தேன். ஆதாரமில்லாததைச் சொல்லி ஆறிய புண்ணைக் கிளறாதீர்கள், இப்போதுதான் ஊர் வாய் அடங்கியிருக்கிறது, மறுபடி வேலையே போய்விடும் என்றெல்லாம் சொன்னேன். கையைக்கூடப் பிடித்து இழுத்தேன். அண்ணி கையை விடுவித்துக்கொண்டார். “தெனமும் மலைக்குப் போறப்ப என்னையப் பாத்துச் சிரிச்சிட்டுப் போகுது டீச்சர் அந்தப் பொண்ணு. தெரிஞ்சுக்கிட்டு நான் எப்பிடித் திருப்பிச் சிரிக்கிறது? நீங்க ஒண்ணும் பேச வேணாம். நான் கூடக்கொறையச் சொல்லாம பாத்துக்கங்க, அது போதும்.”

கீழ் லயத்தில் கடைசிக் காம்பரா. இருபத்தைந்து வயதுகூட இராத அந்தப் பெண் வாசலில் உட்கார்ந்து சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். எங்களைக் கண்டதும் எழுந்து, பாயை எடுத்துப் போட்டாள். தேத்தண்ணி ஊற்றப் போனவளை அண்ணி தடுத்து எதிரே உட்கார வைத்தார். சுற்றி வளைக்கவில்லை.

“ஒம் புள்ளைக்கு நான் குடுத்த பாலு, அந்தத் தண்ணியில கரைச்சதுதான். நல்லதுன்னு நெனச்சிப் பாதியா சுண்டக் காய்ச்சுனேன். அதுல நஞ்சு கூடியிருக்கு. அதுனாலதான் புள்ள போச்சான்னு டீச்சருக்கே தெரியாதாம், ஒருத்தருக்கும் தெரியாதாம். ஆனா போயிருக்கலாம். அத ஒங்கிட்டச் சொல்லாம என்னால இருக்க முடியாதும்மா.”

அவள் சுளகை மடியில் வைத்தபடி அண்ணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நான் காத்திருந்தேன். அண்ணியும் அதற்குத்தான் தயாராக வந்தவர் போலத் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்துக் காம்பராவில் யாரோ ரேடியோவை வைத்திருந்தார்கள்.

கடைசியில் அவள் அண்ணியை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

“டீச்சர், எம் பாலு கெட்ட பாலுன்னு எங்க மாமியா சொல்லித்தான் போத்தலுக்கு மாத்துனேன். புள்ள செத்த பொறவும் அதையேதான் சொல்றாங்க. மாத்துறதுக்கு முந்தி நான் குடுத்த பாலுதான் உள்ள இருந்து கொன்னுச்சுன்னு. எங்க வீட்டுக்காரரும் அப்பிடித்தான் நெனச்சுக்கிட்டு என்கூடப் பேசுறதில்ல.” சுளகின் விளிம்பை இறுக்கிப் பிடித்தாள். “அப்ப எம் பாலு இல்லையா டீச்சர்?”

“இல்லம்மா” என்றேன். “ஒம் பாலு இல்ல.”

அண்ணி நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பெண்ணின் கண் என்னை விட்டு நகரவில்லை. மறுபடியும், “எம் பாலு இல்லையா?” என்றாள். இல்லை என்றேன். மூன்றாவது தடவையும் கேட்டாள். மூன்றாவது தடவையும் சொன்னேன்.